போய் வந்தவர்களும் போக முடியாதவர்களும்

மல்லேஸ்வரத்திலிருந்து கைலாயம் போகிறவர்கள் மானசரோவர் நீரோடு வீடு திரும்புகிறார்கள். அதே மாநிலத்தில், அந்த மலையைத் தாய்வீடாகக் கொண்டவர்கள் 1960 முதல் காத்திருக்கிறார்கள்.

மல்லேஸ்வரத்தில் யார் கைலாயத்துக்குப் போகப் போகிறார் என்பதை அவருடைய காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேலே வழக்கமான வேட்டியோ பருத்திச் சேலையோ இருக்கும். கீழே கணுக்காலை மூடும் புத்தம்புது மலையேற்ற ஷூ. வாங்கிய ஷூவை மலையில் போய்ப் பழக்கினால் கால் கொப்பளித்துவிடும் என்பதால், முதலில் சாங்கி ஏரிக்கரைதான் கைலாயம். விடிந்தும் விடியாத பொழுதில் ஏரியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூச்சு வாங்காமல் நாலு சுற்று. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். கைலாயப் பிரதட்சணத்தில் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர். அந்த வித்தியாசத்தை எந்த ஏரிக்கரையும் கற்றுத்தராது. ஆனாலும் நடக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஆசை மல்லேஸ்வரத்தில் முளைப்பதில் ஆச்சரியமில்லை. 1890-களில் திட்டமிடப்பட்டு, 1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு ஜனங்கள் குடியேறிய பேட்டை இது. பேட்டைக்குப் பெயர் தந்தவர் காடு மல்லேஸ்வரர். சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜி 1669-ல் இந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே மானியமாக எழுதிவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரைப் பிடித்து மராட்டிய ஆட்சியை நிறுவினாரே, அதே ஏகோஜிதான். ஊரின் பூர்வகதையிலேயே தமிழ்நாட்டுத் தொடர்பு இருக்கிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் வீடு வாங்கிக் குடியிருந்ததும் இங்கேதான். ஐயங்கார் வீடுகளில் கன்னடம் கலந்த தமிழ், கடைத்தெருவில் தமிழ் கலந்த கன்னடம், எட்டாவது கிராஸில் பூக்கடை, ஹோட்டல் வாசலில் வெண்ணெய் மசால் தோசைக்குக் காத்திருக்கும் கூட்டம். பிள்ளைகள் வெளிநாட்டில், பென்ஷன் வங்கியில். அடுத்து என்ன என்று யோசிக்கும் வயதில் மனம் வடக்கே திரும்புகிறது.

காசியும் பத்ரிநாத்தும் முடிந்தவர்களுக்கு இரண்டு இடங்கள் பாக்கி இருக்கும். சைவர்களுக்குத் திபெத்தில் கைலாயம், வைணவர்களுக்கு நேபாளத்தில் முக்திநாத். இரண்டும் தங்கள் தெய்வத்தின் இடம் என்று எண்ணித்தான் கிளம்புகிறார்கள். அங்கே போய் இறங்கியதும்தான் தெரிகிறது, அந்த மலைகளில் விருந்தாளி தாங்கள்தான் என்று. வீட்டுக்காரர்கள் பௌத்தர்கள்.

மலை ஒன்று, பெயர் நான்கு

கைலாயத்தின் உயரம் 6,638 மீட்டர். எவரெஸ்டின் முன்னால் இது குள்ளம். ஆனால் எவரெஸ்டில் ஆயிரக்கணக்கானோர் ஏறிவிட்டார்கள். கைலாயத்தின் உச்சியில் மனிதக் கால் பட்டதற்குச் சான்று கிடையாது. ஏறுவதற்கல்ல, சுற்றுவதற்கே அந்த மலை. சைவர்களுக்கு அது சிவன் உறையும் இடம். சமணர்களுக்கு, முதல் தீர்த்தங்கரர் ரிஷபர் முக்தியடைந்த அஷ்டாபதம். திபெத்தின் ஆதி சமயமான போன் நெறியினருக்கு அவர்களுடைய குரு விண்ணிலிருந்து இறங்கிய இடம். திபெத்திய பௌத்தர்களுக்கோ அது காங் ரின்போச்சே, அதாவது விலைமதிப்பற்ற பனிமலை. சக்ரசம்வரர் என்ற தெய்வத்தின் மண்டலம்.

தமிழில் அனல்வாதம், புனல்வாதம் என்று சம்பந்தர் கதை இருப்பதுபோல அந்த மலைக்கும் ஒரு வாதக் கதை உண்டு. போன் சமயத்து நாரோ போன்சுங்குக்கும் பௌத்த யோகி மிலரெப்பாவுக்கும் மலை யாருக்கு என்று போட்டி. முதலில் உச்சியை அடைபவருக்கே மலை. நாரோ போன்சுங் விடிவதற்கு முன்பே தன் முரசின் மீதேறிப் பறக்கிறார். மிலரெப்பா நிதானமாக இருந்துவிட்டு, சூரியனின் முதல் கதிரைப் பிடித்து உச்சிக்குப் போய்விடுகிறார். அவர் தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகை, பிரதட்சணப் பாதையில் சுதுல்புக் என்ற இடத்தில் இருக்கிறது.

மலையைச் சுற்றும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். திபெத்தியர்கள் இதைக் கோரா என்கிறார்கள். இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்ற, போன் நெறியினர் இடமாக எதிரே வருவார்கள். நம்மவர்கள் மூன்று நாளில் சுற்றுவதைத் திபெத்தியக் கிழவிகள் விடியுமுன் தொடங்கி ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கைபட்ட இடத்தில் எழுந்து நின்று, மறுபடி விழுந்து, இப்படியே முழுப் பாதையையும் உடம்பால் அளக்கிறார்கள். அதற்குப் பல நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். முருகனுக்கு இருப்பதுபோல அவர்களுடைய அவலோகிதருக்கும் ஆறெழுத்து மந்திரம். உதட்டில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

டோல்மா லா ஏறுவதற்கு முன் ஒரு திடல் வருகிறது. அங்கே பழைய துணி, தலைமயிர்க் கற்றை, செருப்பு என்று கிடக்கும். பார்ப்பவருக்குக் குப்பை. திபெத்தியருக்கு அது மயானம். தன்னுடையது ஒன்றை அங்கே விட்டுவிட வேண்டும். பழைய பிறவி அங்கே முடிகிறது. கணவாயைத் தாண்டினால் தாரா தேவியின் அருளில் புதுப்பிறவி. காசிக்குப் போனால் பிடித்த காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வரும் தமிழருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. யாத்திரை என்பதே ஒன்றை விட்டுவிட்டு வீடு திரும்புவதுதான்.

திறந்து மூடும் கதவு

நினைத்தவுடன் போகிற இடமல்ல கைலாயம். 1954-ல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் யாத்ரீகர்களுக்கும் இடம் இருந்தது. 1962 போருக்குப் பிறகு வழி அடைந்தது. சுமார் இருபது ஆண்டுகள் மலை இருந்தது, பாதை இல்லை. 1981-ல் பெய்ஜிங் சென்று டெங் ஷியாவோபிங்கைச் சந்தித்த சுப்பிரமணியன் சுவாமி இந்தப் பேச்சை எடுத்தார். அந்த ஆண்டே உத்தராகண்ட் பகுதியின் லிபுலேக் கணவாய் வழியாக யாத்திரை மீண்டும் தொடங்கியது. முதல் குழுவில் அவரும் நடந்தார்.

2015-ல் சிக்கிமின் நாது லா வழியும் திறந்தது. 2017-ல் டோக்லாமில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றபோது அந்த வழி நின்றுபோனது. 2020-ல் கொரோனா, அதோடு லடாக் எல்லையில் மோதல். ஐந்து ஆண்டுகள் மத்திய அரசின் யாத்திரையே இல்லை. 2025 ஜூனில் மறுபடி தொடங்கியபோது 750 இடங்களுக்கு 5,561 பேர் விண்ணப்பித்தார்கள். கம்ப்யூட்டர் குலுக்கல்தான் சித்திரகுப்தன். அந்த ஆண்டு செலவு லிபுலேக் வழியில் சுமார் 1.74 லட்சம் ரூபாய், நாது லா வழியில் சுமார் 2.83 லட்சம். வயது எழுபதைத் தாண்டக்கூடாது. டெல்லியில் டாக்டர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நுரையீரலும் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பஸ். பெட்டி கட்டி டெல்லிவரை போய், பரிசோதனையில் தோற்றுத் திரும்பியவர்களும் உண்டு.

குலுக்கலில் விழாதவர்களும் வயது கடந்தவர்களும் நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் போகிறார்கள். தமிழக அரசு 2012-ல் மானசரோவர் யாத்ரீகர்களுக்கு 40,000 ரூபாயும் முக்திநாத் யாத்ரீகர்களுக்கு 10,000 ரூபாயும் மானியம் அறிவித்தது. பின்னர் தொகை கூட்டப்பட்டது. கர்நாடக அரசும் தன் மாநிலத்து மானசரோவர் யாத்ரீகர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

கல்லில் உறைந்த கடல்

மல்லேஸ்வரத்து ஐயங்கார்களின் கணக்கு வேறு. 108 திவ்ய தேசங்களில் இந்த உலகில் காணக்கூடியவை 106. அவற்றில் வடக்கே எட்டாத தூரத்தில் இருப்பது சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய அந்தத் தலம் நேபாளத்தின் முக்திநாத்தான் என்று வைணவர்களில் பலர் கொள்கிறார்கள். முஸ்டாங் மாவட்டத்தில், 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் சிறிய கோயில். பின்புறம் அரைவட்டச் சுவரில் 108 நீர்த்தாரைகள். பனி உருகி வரும் அந்தத் தண்ணீரில் ஒன்று விடாமல் தலையைக் கொடுத்து ஓடி முடிப்பதற்குள் பல் தந்தியடிக்கும்.

உள்ளே இருக்கும் மூர்த்தியை வைணவர்கள் பெருமாளாக வணங்க, பௌத்தர்கள் அவலோகிதராக வணங்குகிறார்கள். திபெத்திய மொழியில் இந்த இடத்துக்கு சுமிக் கியாட்சா என்று பெயர். நூற்றுச் சொச்சம் ஊற்றுகள் என்று பொருள். திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுசென்ற பத்மசம்பவர் இங்கே தங்கித் தவம் செய்ததாக நம்பிக்கை. பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோயில். பாறையிடுக்கில் கசியும் இயற்கை வாயு நீலச்சுடராக எரிய, அதே இடத்தில் தண்ணீரும் ஓடுகிறது. அந்தச் சுடரைப் பராமரிப்பவர்கள் பௌத்தப் பிக்குணிகள். ஆழ்வார் பாசுரம் சொல்லிக்கொண்டு வரும் மாமிகளுக்கு வழிவிட்டு அவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். யாருடைய கோயில் என்ற வழக்கு அங்கே எழுந்ததில்லை.

கீழே ஓடும் காளி கண்டகியில்தான் சாளக்கிராமம் கிடைக்கிறது. இமயமலை எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சங்கு போன்ற உயிர்களின் புதைபடிவமே அந்தக் கரிய கல்லும் அதனுள் இருக்கும் சக்கரமும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது, மலையேறி, ஆற்றில் உருண்டு, கடைசியில் மல்லேஸ்வரத்துப் பூஜையறையில் துளசிக்கு நடுவே உட்காருகிறது. யாத்ரீகரைவிட நெடும்பயணம் செய்த கல்.

திரும்பாத பயணங்கள்

புறப்படும்போது எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு. 1998 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், லிபுலேக் வழியில் காளி நதிக்கரையில் உள்ள மால்பா என்ற சிற்றூரின் மேல் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த கைலாய யாத்ரீகர்கள் 60 பேர் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா கௌரி. பெங்களூரின் வடக்கே ஹெசரகட்டாவில் 1990-ல் நிருத்யகிராமம் என்ற நடனக் குருகுலத்தை அமைத்தவர். முந்தைய ஆண்டு மகனை இழந்திருந்தார். குருகுலத்தைச் சிஷ்யைகளிடம் ஒப்படைத்துவிட்டு இமயத்தை நோக்கி நடந்தவர் திரும்பவில்லை. கைலாயம் என்றதும் பெங்களூரில் பலருக்கு இன்றும் அவர் நினைவு வருகிறது.

2018 ஜூலையில் பயம் வேறு ரூபத்தில் வந்தது. கைலாயத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், நேபாளத்தின் ஹில்சாவிலும் சிமிகோட்டிலும் திபெத் எல்லைப் பக்கத்திலுமாக 1,500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் சிக்கிக்கொண்டார்கள். சாலை கிடையாது. மழையிலும் மூடுபனியிலும் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்க முடியவில்லை. கர்நாடகத்திலிருந்து போயிருந்தவர்கள் மட்டும் சுமார் 290 பேர். காட்மாண்டில் உள்ள இந்தியத் தூதரகம் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசுவோருக்கென்று தனித்தனித் தொலைபேசி எண்களை அறிவிக்க வேண்டியிருந்தது. மானம் வெளுத்த பிறகே ஒவ்வொரு குழுவாக மீண்டார்கள்.

கைலாயத்தில் ஆபத்து மலைச்சரிவு மட்டுமல்ல. 5,000 மீட்டருக்கு மேல் காற்றில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்குவது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதில் போய் முடியலாம். அப்போது ஒரே மருந்து கீழே இறங்குவது. கைலாயத்தைப் பார்க்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு இறங்கு என்றால் பக்தர் மனம் கேட்பதில்லை. இறங்கியவர்களே வீடு திரும்புகிறார்கள்.

வாசலில் ஆரத்தி

அதனால்தான் திரும்பி வருபவருக்கு அவ்வளவு மரியாதை. மல்லேஸ்வரத்து வீட்டு வாசலில் கோலம், ஆரத்தித் தட்டு. உதடு வெடித்து, மூக்கு நுனி கருத்து, சில கிலோ இளைத்து வந்து நிற்பவரை நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரர் காலில் விழுந்து வணங்குகிறார். காசிக்குப் போய் வந்தவர்கள் கங்கைச் செம்பை உடைத்துப் பூஜை செய்து, பந்தி வைத்துச் சமாராதனை நடத்துவது தமிழ், கன்னடக் குடும்பங்கள் இரண்டிலும் பழைய வழக்கம். கைலாயத்துக்கென்று பாட்டி சொல்லிவைத்த விதி ஏதும் இல்லை, அந்தக் காலத்தில் யாரும் போய் வந்ததில்லை. ஆகவே காசியின் விதியே கைலாயத்துக்கும்.

பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றிவைத்த பிளாஸ்டிக் கேனில் மானசரோவர் நீர். கடல் மட்டத்துக்கு மேல் 4,590 மீட்டரில் உள்ள ஏரியிலிருந்து வந்தது. காடு மல்லேஸ்வரருக்குக் கொஞ்சம், படுத்த படுக்கையாக இருக்கும் மாமாவுக்கு ஒரு உத்தரணி, அமெரிக்காவிலிருந்து மகன் வந்தால் தர ஒரு சின்ன பாட்டில். ஒரு கேன் தண்ணீர் எத்தனை உறவுகளுக்குப் பங்காகிறது என்பதை எண்ணினால் அந்தக் குடும்பத்தின் முழு வரைபடமும் கிடைத்துவிடும்.

பிறகு கதை. அடுத்த சில மாதங்களுக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் அவர்தான் நாயகர். கதையில் தவறாமல் ஒரு திபெத்தியர் வருவார். டோல்மா லாவில் கையைப் பிடித்து ஏற்றிவிட்ட போர்ட்டர், வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்த மூதாட்டி, யாக் மாட்டை ஓட்டிவந்த பையன். பெயர் கேட்க மறந்திருப்பார்கள். முகம் மட்டும் நினைவில் நிற்கும்.

220 கிலோமீட்டர் தள்ளி

அந்த முகங்களின் உறவுக்காரர்களைப் பார்க்க இமயம் போக வேண்டியதில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து மைசூர் வழியாகச் சுமார் 220 கிலோமீட்டர் போனால் பைலகுப்பே. குடகுக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் குஷால்நகருக்கு முன் வண்டியை நிறுத்தி, பொற்கோயிலில் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஊர்தான்.

1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவிலிருந்து தப்பி இந்தியா வந்தார். பின்னாலேயே பல்லாயிரம் பேர் கணவாய்களைக் கடந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது மலைப்பகுதிகளில் சாலை போடும் வேலை. நிரந்தரமாகக் குடியேற நிலம் வேண்டும் என்று நேரு மாநிலங்களைக் கேட்டபோது தாராளமாகக் கைகொடுத்தது அன்றைய மைசூர் மாநிலம். அந்த மாநிலத்தின் முதல்வராக இருந்த நிஜலிங்கப்பாவைத் தலாய் லாமா பல மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1960-ன் இறுதியில் பைலகுப்பேயில் முதல் குழு வந்திறங்கியது. காட்டை வெட்டினார்கள். யானைகள் வந்தன. பனிப்பிரதேசத்து உடம்புக்கு வெயிலும் காய்ச்சலும் ஒத்துக்கொள்ளவில்லை. பார்லி விதைத்துப் பழகிய கைகள் மக்காச்சோளம் விதைக்கக் கற்றன. பின்னர் முண்ட்கோட், ஹுன்சூர், தமிழ்நாட்டு எல்லையருகே கொள்ளேகால் பக்கம் என்று குடியிருப்புகள் பெருகின. 2009-ல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இந்தியாவில் இருந்த திபெத்தியர்கள் சுமார் 94,000 பேர்.

தமிழர்களுக்கு இவர்கள் அந்நியர் அல்ல. குளிர்காலம் பிறந்ததும் சென்னை, கோவை, மதுரை என்று ஊர் ஊராக ஸ்வெட்டர் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான். கைலாயத்துக்குக் கம்பளி வாங்கப் போன மல்லேஸ்வரத்துக்காரர், கைலாயம் பக்கத்திலிருந்து ஓடிவந்தவரின் மகளிடமே பேரம் பேசியிருக்கக்கூடும். பேரம் முடிந்து அவர் அந்த மலைக்குப் போய்விட்டு வருவார். அவள் போக முடியாது.

தடுப்பது வயதோ சர்க்கரையோ குலுக்கலோ அல்ல, காகிதம். பெரும்பாலான திபெத்தியர்களிடம் இருப்பது காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டிய பதிவுச் சான்றும், வெளிநாடு போவதற்காக இந்திய அரசு தரும் மஞ்சள் அட்டை போட்ட அடையாளச் சான்றிதழும். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்தியாவில் பிறந்த திபெத்தியர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-லும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-லும் தீர்ப்பளித்தன. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும், திபெத்திய வம்சாவளியினருக்குச் சீன விசா என்பது லேசில் திறக்கும் கதவல்ல. 1980-களில் கெடுபிடி தளர்ந்த சமயத்தில் சிலர் உறவினரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2008-ல் திபெத்தில் வெடித்த கிளர்ச்சிக்குப் பிறகு பிடி இறுகிவிட்டது.

திபெத்திய வழக்கப்படி கைலாயத்துக்குக் குதிரை ஆண்டு விசேஷம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நம்மூர் மகாமகம் போல. அந்த ஆண்டில் ஒரு சுற்று சுற்றினால் பதின்மூன்று சுற்றின் புண்ணியம். 2002, 2014, 2026 ஆகியவை குதிரை ஆண்டுகள். பைலகுப்பேயின் முதல் தலைமுறையினர் 1966 முதல் ஒவ்வொரு குதிரை ஆண்டையும் மைசூர் மாவட்டத்து மக்காச்சோளக் காட்டிலிருந்தே எண்ணினார்கள். அவர்களில் பலர் இப்போது இல்லை.

மலையை இங்கே கொண்டுவருதல்

போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அப்பர் கதையில் விடை இருக்கிறது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பருக்குக் கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் தவழ்ந்தார். திரும்பிப் போ என்று சொன்ன முனிவரிடம், பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று மறுத்தார். கடைசியில் அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னார்கள். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கண்ட இடமெல்லாம் கயிலையாகத் தெரிந்தது. காசிக்குப் போக முடியாதவர்களுக்கென்று தென்காசியைக் கட்டிய பாண்டியனும் அதே பாடத்தைப் படித்தவன்தான். பல்லவன் காஞ்சியில் கைலாசநாதருக்குக் கோயில் எழுப்பியதும், ஸ்ரீசைலத்து மல்லிகார்ஜுனர் காடு மல்லேஸ்வரராக இந்தப் பேட்டையில் எழுந்தருளியதும் அந்த வழியில்தான்.

திபெத்தியர்களும் அதையே செய்தார்கள். லாசா அருகே 1419-ல் நிறுவப்பட்ட சேரா மடம் 1970-ல் பைலகுப்பேயில் அதே பெயரில் மறுபடி எழுந்தது. திரேபுங், கந்தென் மடங்கள் முண்ட்கோட்டில் எழுந்தன. பெனோர் ரின்போச்சே 1963-ல் தொடங்கிய நம்த்ரோலிங் மடத்தில், 1999-ல் திறக்கப்பட்ட பொற்கோயிலுக்குள் 60 அடிப் புத்தர் நடுவே இருக்க, ஒரு பக்கம் பத்மசம்பவர், மறுபக்கம் அமிதாயுஸ். வயதானவர்கள் கையில் ஜெபமாலையோடு விடியற்காலையில் மடத்தைச் சுற்றி வருகிறார்கள். வலமாக, உதட்டில் ஆறெழுத்தோடு. சாங்கி ஏரிக்கரையில் நடப்பவர் கைலாயத்துக்குத் தயாராகிறார். இவர்களுக்கு இந்தச் சுற்றேதான் கைலாயம்.

வசதிப்பட்டவர்கள் இந்திய எல்லைக்குள் இருக்கும் புனிதத் தலங்களுக்குப் போகிறார்கள். புத்தகயை, சாரநாத். இமயத்தில் என்றால் இமாசலப் பிரதேசம் மண்டி மாவட்டத்தின் ரேவால்சர் ஏரி. பத்மசம்பவரை உயிரோடு எரித்த தீ ஏரியாக மாறி, அதன் நடுவே தாமரையில் அவர் அமர்ந்திருந்தார் என்பது அந்த ஏரியின் கதை. நம் பிரகலாதனைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையும் தெரிந்ததுபோலவே இருக்கும். அங்கே போய்விட்டு பஸ்ஸும் ரயிலும் மாறி அவர்கள் திரும்புவதும் கர்நாடகத்துக்குத்தான். அந்த வீட்டுக்குப் பெயர் இன்னும் முகாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லாசாவில் தலாய் லாமாக்கள் வாழ்ந்த அரண்மனைக்குப் பொட்டாலா என்று பெயர். அவலோகிதர் உறையும் பொட்டாலகம் என்ற மலையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அந்த மூல மலை தென்னிந்தியாவில் இருப்பதாக ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங்கே எழுதியிருக்கிறார். அது நம் பொதிகைதான் என்பது ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா போன்ற ஆய்வாளர்களின் கருத்து. தமிழர் வடக்கே தெய்வத்தின் மலையைத் தேடிப் போகிறார். திபெத்தியரின் தெய்வமோ தெற்கே நம் மலையில் இருக்கிறார்.

மெல்லப் போங்கள்

தமிழ் வீடுகளில் வெளியே கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. போய் வருகிறேன் என்றே சொல்ல வேண்டும். மறந்து சொல்லிவிட்டால் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். திபெத்தியரிடமும் அதற்கு ஈடான மரியாதை உண்டு. வீட்டில் இருப்பவர், கிளம்புகிறவரிடம் காலே பே என்பார். மெல்லப் போங்கள் என்று அர்த்தம். கிளம்புகிறவர் திருப்பிச் சொல்வது காலே ஷூ, மெல்ல இருங்கள்.

1959-ல் இரவோடிரவாகக் கிளம்பியவர்களில் பலருக்கு அதைச் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இருக்கவில்லை. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றே நினைத்தார்கள். கைலாயப் பாதையில் ஒரு பழைய சட்டையை விட்டுவிட்டு வருகிறார் யாத்ரீகர். அவர்கள் விட்டுவிட்டு வந்ததில் அந்த மலையும் ஒன்று.

மல்லேஸ்வரத்து வீட்டுப் பூஜையறையில் மானசரோவர் கேனில் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் மிஞ்சும். எல்லா உறவுக்கும் கொடுத்தாகிவிட்டது, இனி யாருக்கு என்ற கேள்வியோடு அது அலமாரியில் இருக்கும். அடுத்த முறை குடகுக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொள்ளலாம். வழியில்தான் இருக்கிறது பைலகுப்பே. ஒரு உத்தரணி நீருக்குக் கை நீட்டும் தகுதி அங்கே மடத்தைச் சுற்றி வரும் கிழவிகளைவிட வேறு யாருக்கு இருக்கிறது?